மலை அசைந்த கணக்கு

நிலைபெயராமைக்கு மலையை உவமை கூறுதல் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய வழக்கு. மன்னனின் உறுதி மலை. சான்றோரின் அடக்கம் மலை. தலைமுறைகள் வந்து மறையத் தான் மட்டும் நிற்பது மலை என்ற எண்ணமே இவ்வுவமைகளுக்கு அடிப்படை. ஆயின் மலையடிவாரத்திற் பிறந்து, மலைச்சரிவிற் புல்லறுத்து, மாடு மேய்த்து வாழ்வோர் இவ்வெண்ணத்தை எங்கும் முழுமையாக ஏற்றுக்கொண்டவரல்லர். இத்தாலியின் வடகிழக்கில், வெனிசு நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வடக்கே, வயொந்த் என்னும் சிற்றாற்றின் தென்கரையில் தொக் என்றொரு மலை உண்டு. அதன் பெயர், நீரூறி உளுத்துப்போனதைக் குறிக்கும் வட்டாரச் சொல்லொன்றன் குறுக்கம் என்பர். 'நடக்கும் மலை' என்றும் ஊரவர் அதனை அழைத்தனர். கனடாவில் ஆமைமலை எனப் பெயர்பெற்ற மலையையும் அந்நிலத்துப் பழங்குடியினர் 'அசையும் மலை' என்றே வழங்கினர். 1903 ஏப்ரில் 29 ஆந் திகதி விடியுமுன் அதன் முகப்பிலிருந்து ஏறத்தாழ 30 மில்லியன் கன மீற்றர் சுண்ணாம்புக்கல் பெயர்ந்து, ஒன்றரை நிமிடத்துள் பிராங்க் என்னும் சுரங்கச் சிற்றூரின் ஒரு பகுதியை மூடிவிட்டது. இப்பெயர்களை இட்டவர்கள் புவிச்சரிதவியல் கற்றவரல்லர். நெடுங்காலம் அம்மலைகளைப் பார்த்திருந்தவர்கள்.

கற்றவர்க்கு இவ்விடயத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆய்வுகூடத்தில் நல்ல கருங்கற்றுண்டொன்றை நசுக்கிப் பார்ப்பின், அது சதுர சென்ரிமீற்றருக்கு ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கும். கல்லின் நிறையோ கன மீற்றருக்கு இரண்டே முக்கால் தொன் அளவே. இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால், மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள செங்குத்துச் சுவரொன்று தன் நிறையால் அடியில் நொறுங்காது நிற்கலாம் என்ற விடை கிடைக்கும். உலகில் அத்தகைய சுவர் எங்கும் இல்லை. அதனினும் பன்மடங்கு தாழ்ந்த குன்றுகளே சரிந்துவிடுகின்றன. ஆகவே கல்லின் வலிமையைக் கொண்டு மலையின் வலிமையை அளத்தல் தவறு.

மலை ஒரு கல் அன்று. நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கு முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய மதில்களைக் கண்டிருப்பர். மலையும் அத்தகையதே. பாறை குளிர்ந்தபோதும், மடிந்தபோதும், மேலிருந்த சுமை அரிப்புண்டு நீங்கியபோதும் அதனுள் பிளவுகள் விழுந்துள்ளன. படிவுப் பாறையாயின் படைக்கும் படைக்கும் இடையிலான தளங்களும் உள. இத்தளங்களைப் பொறியியலாளர் பொதுவில் மூட்டுகள் என்பர். மதிலின் உறுதி கல்லிலன்றிக் கற்கள் ஒன்றன்மேலொன்று அமர்ந்திருக்கும் முறையில் உள்ளவாறே, பாறைச்சரிவின் உறுதியும் இம்மூட்டுகள் எத்திசை நோக்கி எவ்வளவு சாய்ந்துள்ளன என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

பலகையொன்றின் மீது செங்கல் ஒன்றை வைத்துப் பலகையை மெல்லச் சாய்ப்பின், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் செங்கல் வழுக்கத் தொடங்கும். அதன்மேல் இன்னொரு செங்கல்லை ஏற்றிவைத்தாலும் அக்கோணம் மாறுவதில்லை. பாரம் கூடினால் விரைவில் வழுக்கும் எனப் பலர் எண்ணுவது தவறு. வழுக்கத் தூண்டும் பாரமே பலகையை அழுத்தி உராய்வையும் அதே விகிதத்தில் உயர்த்திவிடுகிறது. எனவே எடை அன்று, கோணமே இங்குத் தலைமையானது. கல்லோடு கல் உராயுந் தளத்தில் அக்கோணம் 30 பாகைக்கு மேற்பட்டிருக்கும். இடையில் நனைந்த களிமண் ஏடு ஒன்று கிடந்தால் 10 பாகை அளவுக்கும் இறங்கிவிடலாம். அவ்வேடு ஒரு விரற்கடை தடிப்பாக இருந்தாற் போதும். மேலே நிற்பது இருநூறு மீற்றர் தடித்த சுண்ணாம்புக்கல்லாயினும் அதன் விதியை நிர்ணயிப்பது கீழுள்ள அந்த ஏடே.

இலங்கையின் மலைநாட்டு வீதிகளில் பயணஞ் செய்வோர் இதனை நேரிற் காணலாம். அங்குள்ள பட்டைப் பாறைகள் ஏடேடாகப் படிந்து ஒருபுறம் சாய்ந்தவை. குன்றின் ஒரு பக்கத்தில் அவ்வேடுகள் மலையின் சரிவோடு ஒத்துச் சாய்ந்து வீதியை நோக்கி இறங்கும்; மறுபக்கத்தில் மலைக்குள்ளே சாய்ந்து செல்லும். முன்னதன் அடியை வெட்டி வீதி அமைப்பது, சாய்ந்த மேசையில் அடுக்கிய தாள்களின் கீழ்விளிம்பிலுள்ள தடையை எடுப்பதற்கு ஒப்பாகும். இரண்டு மூட்டுத் தளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளுமிடத்தில், வத்தகப் பழத்திலிருந்து வெட்டி எடுத்த கீற்றுப் போல ஆப்பு வடிவான துண்டொன்று வழுகி வெளியேறும். மூட்டுகள் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்பின், நூலகத் தட்டில் ஓரத்து நூலை எடுத்தவுடன் ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வதுபோலப் பாறைப் பலகைகள் முன்னோக்கிக் கவிழும். ஒரே கல்லாற் குடைந்ததுபோல் தோன்றும் வெட்டுமுகத்திலும் மழை ஓய்ந்த மறுநாள் நீர் கசியும் கோடுகளைத் தேடினால் மூட்டுகள் எங்குள்ளன என்பது வெளிப்பட்டுவிடும். மரவேர் நுழைந்த இடமும் அதுவே.

நீரைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டியுள்ளது. மழைக்குப் பின் மலை சரிவதற்கு, நீர் எண்ணெய்போலப் பாறையை வழுக்கச் செய்வதே காரணம் எனப் பாடநூல்கள் சிலவும் எழுதிவிட்டன. உண்மை வேறு. கழுவிய கண்ணாடிக் குவளையை ஈரமேசையிற் கவிழ்த்து வைத்தால், எவரும் தொடாமலே அது சற்று நகர்வதைச் சமையலறையிற் பலரும் கண்டிருப்பர். உள்ளே அகப்பட்ட காற்றுச் சூடேறி விரிந்து குவளையின் பாரத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது, மேசையை அழுத்தும் பாரம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. குவளையின் நிறை குறையவில்லை, மேசையின் சாய்வும் கூடவில்லை. மூட்டுக்குள் நிற்கும் நீர் மலைக்குச் செய்வதும் இதுவே. அது பாறையை வழுக்குவதில்லை, தூக்குகிறது. மண்ணுக்குரிய இத்தத்துவத்தைக் கார்ல் தேர்சாகி 1920 களில் நிறுவினார். பாறைக்கும் அதுவே பொருந்தும் என்பதை மலைகளைக் கட்டியாள முயன்றவர்கள் பின்னர் பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

நிலைக்குத்தான பிளவொன்றில் நிறைந்த நீர் பக்கவாட்டில் தள்ளும் விசை இன்னும் வியப்புக்குரியது. பத்து மீற்றர் ஆழமான பிளவு நீரால் நிரம்பின், அடியில் சதுர மீற்றருக்குப் பத்துத் தொன் அமுக்கம் உண்டாகும். பிளவின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஐம்பது தொன் விசை பாறையை வெளியே தள்ளும். பிளவு விரலளவு அகன்றதாயினும், ஆளளவு அகன்றதாயினும் இவ்விசையில் மாற்றமில்லை. ஓர் ஏரி தரும் தள்ளலை ஒரு குடம் நீர் தந்துவிடுகிறது. பிளவின் ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மலையுச்சியில் புல்லுக்கிடையே மறைந்து கிடக்கும் மெல்லிய வெடிப்பைக் கண்டவுடன் அனுபவமுள்ளவர் கவலைகொள்வதற்கும், அதனுள் மழைநீர் இறங்காதவாறு மூட முனைவதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் காட்டியது சுவிற்சர்லாந்தின் எல்ம் என்னும் ஊர். அங்கு மலையின் அடியில் பள்ளிப்பிள்ளைகள் எழுதும் சிலேற்றுப் பலகைக்குரிய நேர்த்தியான கல் கிடைத்தது. 1868 முதல் ஊரவர் அதனை வெட்டினர். எழுத்தறிவு பரவப் பரவச் சிலேற்றுக்குத் தேவையும் பரவியது. மலைக்குள்ளே 60 மீற்றருக்கு மேல், தாங்குதூண் விடாது குடைந்து சென்றனர். மேலே குறுக்காக ஒரு பிளவு தோன்றி, அகன்று, அருகே ஓடிய அருவியின் நீரை விழுங்கலாயிற்று. மலை பார்வையிடப்பட்டது, உடனடி ஆபத்தில்லை என்ற கருத்து மேலோங்கியது. 1881 செப்ரெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏறத்தாழ 10 மில்லியன் கன மீற்றர் பாறை பெயர்ந்தது. முதலில் சிறு பகுதி விழுந்தபோது ஓடாமல் நின்று பார்த்தவர்களும், அதில் அகப்பட்டோர்க்கு உதவச் சென்றவர்களும் பின்வந்த பெருவீழ்ச்சியிற் சிக்கினர். இறந்தோர் ஏறத்தாழ 115 பேர். அதனை ஆராய்ந்த அல்பேர்ட் ஹைம், விழுந்த கற்குவை உருளாமலும் குதிக்காமலும் ஓர் ஆறுபோலப் பாய்ந்து, ஏறத்தாழச் சமதரையில் நெடுந்தூரம் ஓடியதைப் பதிவுசெய்தார். பெரும் பாறைவீழ்ச்சிகள் இங்ஙனம் பாய்வது ஏன் என்ற வினாவுக்கு இன்றுவரை ஒருமித்த விடை இல்லை.

எல்ம் மக்கள் கல்வெட்டுவோர். மலையின் உள்ளமைப்பை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. எண்பது ஆண்டுகளின் பின் தொக் மலையடியில் நின்றவர்களுக்கோ அக்குறை இருக்கவில்லை. பாறை இயக்கவியலை ஒரு தனித்துறையாக வளர்த்தவர்களே அங்கு வந்து நின்றனர். ஆதலினாலேயே வயொந்தின் வரலாறு ஏனைய சரிவுகளின் வரலாற்றினும் கசப்பானது.

வயொந்த் ஆறு பியாவே நதியோடு கலக்குமுன் ஒடுங்கிய ஆழமான கணவாயொன்றினூடு செல்கிறது. அக்கணவாயை அடைத்து 261 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடைய வில்வளைவு அணையொன்று 1957 முதல் 1960 வரை கட்டப்பட்டது. அக்காலத்தில் அவ்வகை அணைகளுள் உலகில் மிக உயர்ந்தது அதுவே. அமைத்தவர் கார்லோ செமென்சா, அணைக்கலையில் பேர்பெற்ற முதுநிலைப் பொறியியலாளர். அணையின் இரு தோள்களும் தங்கிய பாறையை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஏரியின் கரைகளாக அமையவிருந்த மலைகள் அந்த அளவு கவனத்தைப் பெறவில்லை.

1959 மார்ச்சில் அயற்பள்ளத்தாக்கிலுள்ள பொந்தெசேய் நீர்த்தேக்கத்தினுள் சுமார் 3 மில்லியன் கன மீற்றர் அளவான நிலம் சரிந்து, எழுந்த அலை ஒருவரைப் பலிகொண்டது. அதன்பின் வயொந்தின் கரைகளையும் பார்க்க முடிவாயிற்று. ஒஸ்திரிய நாட்டுப் பாறை இயக்கவியலறிஞர் லெயோபொல்ட் மியுல்லர் அழைக்கப்பட்டார். கள ஆய்வு இரு இளம் புவிச்சரிதவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் பிராங்கோ ஜூதிச்சி. மற்றவர் எதோவார்தோ செமென்சா, அணையை அமைத்தவரின் மகன்.

மகன் மலையேறிப் படைகளை அளந்தார். தொக் மலையின் வடசரிவு முழுவதும் மிகப் பழைய காலத்தில் ஒருமுறை வழுக்கி வந்து பள்ளத்தாக்கின் குறுக்கே நின்றுவிட்ட ஒரு பெருந்துண்டு என்றும், பின்னர் ஆறு அதனை அறுத்துக்கொண்டு ஓடியது என்றும், ஏரி நிரம்பினால் அது மீண்டும் அசையக்கூடும் என்றும் 1960 இல் அவரும் ஜூதிச்சியும் எழுதினர். தந்தை நம்ப விரும்பவில்லை. வேறு அறிஞரும் ஐயுற்றனர். துளையிட்டுப் பார்த்ததில் வழுக்குத் தளம் அகப்படவில்லை. துளைகள் போதிய ஆழத்துக்குச் செல்லவில்லை என்பது பின்னர் புலனாயிற்று. ஒரு வீட்டினுள்ளே தந்தைக்கும் மகனுக்கும் இடையே இவ்விடயம் எவ்வாறு பேசப்பட்டிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். மகன் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை என்பது மட்டும் உறுதி.

1960 பெப்ரவரியில் நீர் தேக்கத் தொடங்கினர். ஒக்ரோபரில் மலை நாளொன்றுக்கு 3 சென்ரிமீற்றர் அளவு அசைந்தது. அதன் மேற்பகுதியில் 2 கிலோமீற்றர் நீளமான, எம் என்னும் ஆங்கில எழுத்தின் வடிவான வெடிப்புத் திறந்தது. நவம்பர் 4 ஆந் திகதி 700,000 கன மீற்றர் பாறை ஏரியுள் விழுந்தது. நீர்மட்டத்தை இறக்கினர், அசைவு ஏறத்தாழ நின்றது. 1961 பெப்ரவரியில் மியுல்லர், அசையும் பகுதி 200 மில்லியன் கன மீற்றர் அளவினது, அதனைச் செயற்கையாகத் தடுத்து நிறுத்துதல் இயலாது என அறிக்கையிட்டார். கார்லோ செமென்சா தன் முன்னாள் ஆசிரியருக்கு எழுதிய மடலில், இவ்விடயத்தின் பருமன் தம் கைகளை மீறிச் செல்வதுபோலத் தோன்றுவதாக ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு ஒக்ரோபரில் அவர் காலமானார்.

இவ்விடத்திலேயே கதை திரும்புகிறது. நிறுத்த முடியாததை மெல்ல இறக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. நீர்மட்டம் ஏறினால் மலை அசைகிறது, இறங்கினால் நிற்கிறது. எனவே நீர்மட்டம் ஒரு கடிவாளம். இதற்கு ஒரு கோட்பாடும் அமைந்தது: முதன்முறையாக நனையும் பாறையே அசைகிறது; ஒருமுறை நனைந்து அமர்ந்த மட்டம் வரை மீண்டும் நீரை ஏற்றினால் பெரிதாக ஒன்றும் நிகழாது. 1962 இல் நீரை 700 மீற்றர் மட்டத்துக்கு உயர்த்தியபோது மலை நாளுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக நகர்ந்தது, இறக்கியபோது நின்றது. பார்த்தவர்களுக்கு இது கோட்பாட்டின் சான்றாகத் தோன்றியது. அளவீடுகள் நாள்தோறும் ஒழுங்காக எடுக்கப்பட்டன. தவறான நம்பிக்கையை வளர்த்ததில் அவ்வொழுங்குக்கும் ஒரு பங்குண்டு என்றே கூறத் தோன்றுகிறது. அளக்கப்படுவது ஆளப்படுகிறது என்ற மயக்கம் கற்றவர்க்கே உரியது.

மயக்கத்துக்குக் கருவிகளும் உதவின. பாறைக்குள் நீரமுக்கத்தை அளக்க இறக்கிய குழாய்கள் முழு நீளத்துக்கும் துளையுடையன. ஆதலால் பல படைகளின் அமுக்கத்தையும் கலந்து ஒரு சராசரியையே காட்டின. ஆபத்தான தளத்தில் மட்டும் எவ்வளவு அமுக்கம் என்பதை அவற்றால் அறிய இயலாது. மழைவீழ்ச்சிக் கணக்கை அசைவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சி பின்னரே வந்தது. 1985 இல் ஹென்ட்ரன், பற்றன் என்னும் இரு அமெரிக்கர் வெளியிட்ட ஆய்வில், ஏரி மட்டத்தையும் அதற்கு முந்திய வாரங்களின் மழையையும் சேர்த்து நோக்கினால் அசைவின் ஏற்ற இறக்கங்கள் விளங்குவதைக் காட்டினர். முதல் நனைவுக் கோட்பாடு தேவைப்படவில்லை. மலையின் மேற்புறத்திலிருந்து இறங்கிவரும் மழைநீர் உள்ளே ஓரமுக்கத்தையும், கீழிருந்து ஏறும் ஏரி இன்னோரமுக்கத்தையும் தந்தன. கடிவாளத்தின் ஒரு வாரே பொறியியலாளர் கையில் இருந்தது.

மலை முழுவதும் ஒரேயடியாக வீழ்ந்தால் எழும் அலை எவ்வளவு என்பதையும் அவர்கள் ஆராயாமல் இல்லை. பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியரின் தலைமையில், 1:200 என்ற அளவில் மாதிரி அமைத்து, பரற்கற்களை நீரில் வழுக்கிப் பார்த்தனர். ஏரி 700 மீற்றர் மட்டத்தில் இருக்குமாயின் மிக மோசமான சரிவிலும் கீழுள்ள ஊர்களுக்குத் தீங்கில்லை என்ற முடிவு கிடைத்தது. பரற்கற்குவை தளர்ந்து சரிவது. ஒரே பலகையாக வரும் மலையின் வேகம் அதற்கு இல்லை. எனினும் 700 என்ற எண் பாதுகாப்பின் எண்ணாக மனங்களிற் பதிந்துவிட்டது.

1963 ஏப்ரிலில் மூன்றாம் முறை நீர் ஏற்றினர். செப்ரெம்பர் தொடக்கத்தில் 710 மீற்றர். அக்கோடையின் இறுதியில் மழையும் மிகுந்திருந்தது. அசைவு கூடியது. மாத இறுதியில் நீரை இறக்கத் தொடங்கினர். முன்னிரு தடவையும் நின்ற மலை இம்முறை நிற்கவில்லை. நீர் இறங்க இறங்க வேகம் ஏறிற்று. மரங்கள் சாய்ந்தன, மலைவீதி வெடித்தது. ஒக்ரோபர் 8 ஆந் திகதி தொக் சரிவில் குடியிருந்தோரை வெளியேறுமாறு ஏர்த்தோ ஊராட்சி அறிவித்தது. 9 ஆந் திகதி வேகம் நாளொன்றுக்கு 20 சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டது. மாலையில் ஏரியின் மட்டம் 700 மீற்றரை எட்டியது. மலைமேலிருந்தோர்க்கு ஆபத்து என்பது உணரப்பட்டிருந்தது. அணைக்குக் கீழே, பியாவே நதிக்கரையிலுள்ள லொங்கரோனே ஊரவர்க்கு எவரும் வெளியேறச் சொல்லவில்லை. அவர்களுக்காக 700 என்ற எண் இருந்தது.

அன்றிரவு ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டத்தில் மட்றிட் அணிக்கும் ஸ்கொத்லாந்தின் ரேஞ்சேர்ஸ் அணிக்கும் ஆட்டம். வீடுகளில் தொலைக்காட்சி அரிதாயிருந்த காலம். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பலர் லொங்கரோனேயின் உணவகங்களுக்கு வந்திருந்தனர். 10 மணி 39 நிமிடத்துக்கு மலை இறங்கியது. ஏறத்தாழ 270 மில்லியன் கன மீற்றர் பாறை, 2 கிலோமீற்றர் நீளமான ஒரே துண்டாக, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் கணவாயைத் தாண்டி எதிர்க்கரையில் ஏறி நின்றது. ஏரியிலிருந்த நீரைவிட விழுந்த மலை இருமடங்குக்கு மேற்பட்டது. நீர் போக வழியின்றி மேலெழுந்தது. எதிர்க்கரையில் இருநூறு மீற்றருக்கு மேல் ஏறி, அணையின் முடிக்கு நூறு மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் தாண்டி, கணவாயினூடு கீழே வீழ்ந்தது. லொங்கரோனேயும் அயலிலிருந்த சிற்றூர்களும் சில நிமிடங்களில் இல்லாதொழிந்தன. இறந்தோர் 1,900 இற்கு மேற்பட்டோர். அவருட் பலரின் உடல் கிடைக்கவில்லை.

பின்னர் இரண்டு விசாரணைகள் நடந்தன எனலாம்: ஒன்று நீதிமன்றத்தில், மற்றது அறிஞரிடையே. இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றே. இது முன்னறியத் தக்கதா? மியுல்லர் 1964 இல் எழுதியபோது, இவ்வளவு வேகத்தை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்ற கருத்துப்படக் கூறினார்; வழுக்குத் தளத்தில் களிமண் இருந்ததையும் அவர் ஏற்கவில்லை. ஹென்ட்ரனும் பற்றனும் அக்களிமண்ணைத் தளத்தின் பல இடங்களிலும் கண்டெடுத்துக் காட்டினர். சுண்ணாம்புப் படைகளுக்கு இடையே சில சென்ரிமீற்றர் தடிப்புடைய ஏடுகள். உராய்வுக் கோணம் 10 பாகையை அண்டியது. இளைய செமென்சா கூறிய பழஞ்சரிவும் உறுதியாயிற்று. நீதிமன்றம் 1971 இல் அளித்த இறுதித் தீர்ப்பில் இருவரைக் குற்றவாளிகளாகக் கண்டு, அழிவு முன்னறியத் தக்கதாயிருந்தது என்பதையும் ஏற்றுக்கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட பொறியியலாளரொருவர் 1968 இல் வழக்குத் தொடங்குவதற்கு முதல்நாள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மலை விழுமென 1959 இலேயே பத்திரிகையில் எழுதிய தீனா மேர்லின் என்னும் பெண்மணி, பொய்ச்செய்தியால் மக்களைக் கலவரப்படுத்தியதாக அப்பொழுது வழக்குக்கு இழுக்கப்பட்டு 1960 இல் விடுதலை பெற்றவர். அவருக்குச் செய்தி கொடுத்தவர்கள், மலையை நடக்கும் மலை என அழைத்த அந்த ஊரவரே.

முன்னறிவதற்குரிய கணக்கொன்று பின்னாளில் கிடைத்தது. 1985 இல் ஜப்பானிய ஆய்வாளர் புக்குசோனோ, சரிவின் வேகத்தைக் குறிக்காமல் அதன் தலைகீழ் எண்ணை, அஃதாவது ஒன்றை வேகத்தால் வகுத்து வரும் எண்ணை, நாள்வாரியாகக் குறிக்கும் முறையொன்றைத் தந்தார். வேகம் முதலில் பத்து நாளில் இரட்டித்து, பின் ஐந்து நாளில், பின் இரண்டரை நாளில் இரட்டிக்குமாயின், தலைகீழ் எண்கள் ஒரு நேர்கோட்டில் இறங்கிச் சுழியைத் தொடும். தொடும் நாளே வீழும் நாள். எல்லாச் சரிவும் இக்கோட்டுக்கு அடங்குவதில்லை. ஆயினும் வயொந்தில் எடுத்த அளவீடுகளைப் பிற்காலத்தார் இவ்வாறு குறித்துப் பார்த்தபோது, கடைசி வாரங்களின் எண்கள் ஏறத்தாழ நேராக இறங்கி ஒக்ரோபர் 9 ஐ அண்டியே சுழியைத் தொட்டன. வேண்டிய எண்கள் அனைத்தும் 1963 இல் அணைக் காரியாலயத்தின் ஏட்டில் இருந்தவை.

கணக்குத் தெரிந்த காலத்திலும் சரிவுகளில் மக்கள் இறப்பது நிற்கவில்லை. 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் புதையுண்டன. அது பாறைத்தளச் சரிவன்று. மலையடியிற் குவிந்த மண்ணும் உருள்கல்லும் மழைநீரால் நிறைந்து இறங்கியது. ஆயினும் நீரமுக்கத்தின் தொழில் இரண்டிலும் ஒன்றே. அவ்விடம் அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அங்கு அறிவுக்குக் குறைவில்லை. லயனை விட்டுப் போக வேறு நிலம் தொழிலாளர் கையில் இல்லை என்பதே குறை.

எதோவார்தோ செமென்சா பின்னர் பெராரா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகப் பணியாற்றினார். தொக் மலையை அவர் விட்டுவிடவில்லை. நாற்பதாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் அங்கு சென்று படைகளை அளந்தார். தாம் கண்டவற்றை 2001 இல் நூலாக வெளியிட்டு, அடுத்த ஆண்டில் மறைந்தார். அவருடைய தந்தை கட்டிய அணை அன்றைய அலைக்குத் தலைகொடுத்தும் முடியில் சிறு சேதத்துக்கு மேல் எதுவும் படாமல் இன்றும் கணவாயை அடைத்து நிற்கிறது. அதன் பின்னே நீர் இல்லை. பெயர்ந்து வந்த மலை அங்கே பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கிறது. அதன்மேல் மரங்கள் வளர்ந்துள்ளன. மேலே தொக்கின் முகத்தில், அது வழுக்கி வந்த சுண்ணாம்புத் தளம் வெண்மையாய், சாய்த்து வைத்த பலகைபோல, வடதிசை நோக்கி வெளித்தெரிகிறது.